கதவு அடைபட்ட நாட்கள் யாருக்கு உரியவை?

அய்யா துணை

2020-ஆம் ஆண்டு மாசி 20. அய்யாவின் அவதார நாள். நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலில் தொடங்கி சாமிதோப்புப் பதி வரை அன்புக்கொடி மக்கள் தலைப்பாகையும் நாமமுமாக ஊர்வலம் சென்றார்கள். வழியெங்கும் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள். அந்த நாள் கழிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தது. முதலில் 21 நாள் என்றார்கள். ஏப்ரல் 14 வரை இருந்தது மே 3 வரை ஆயிற்று, பிறகு மே 17, பிறகு மே 31 என்று நீண்டது.

தோவாளைப் பூச்சந்தை அடைந்தது. பறித்த பிச்சிப்பூவை வாங்க ஆள் இல்லை. பேருந்து ஓடவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் மனித நடமாட்டம் இல்லை. பதிகளிலும் தாங்கல்களிலும் மக்கள் கூடக்கூடாது என்று ஆயிற்று. ஒரு நாளும் வீட்டில் இருந்து அறியாத மனிதர்கள் காலையில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். இனி என்ன செய்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த நாட்கள் போய்விட்டன. அவற்றைப் பற்றி இப்போது பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் உண்டு. கதவு அடைபடுவது ஒருமுறையோடு முடிகிற காரியம் ஆகாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டம் மரம் விழுந்து, மின்சாரம் அறுந்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. 2023 டிசம்பர் நடுவில் பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்கள் தண்ணீரால் சூழப்பட்டன. இவை ஊர் முழுவதற்கும் வருகிறவை. கால் முறிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடப்பது, வேலை போய் வீட்டில் இருப்பது, வயது ஏறி வாசலோடு நின்றுவிடுவது ஆகியவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வருகிறவை. அப்படி வருகிறபோது கையில் விழுகிற அந்தக் காலத்தை என்ன செய்வது, அது யாருக்கு உரியது என்ற கேள்வி எல்லாருக்கும் உண்டு.

இரண்டு வகையான பதில்கள்

அந்த ஊரடங்கில் பொதுவாக இரண்டு விதமாக மக்கள் நடந்துகொண்டார்கள்.

ஒரு சாரார், எப்படியாவது பொழுது போனால் சரி என்று இருந்தார்கள். தொலைக்காட்சியில் பழைய இராமாயணத் தொடரை மறுபடியும் போட்டார்கள். அதைப் பார்த்தார்கள். கைபேசியில் கண் வலிக்கும்வரை எதையாவது பார்த்தார்கள். தோப்புக்குள் ஒளிந்து சீட்டு விளையாடினார்கள். போலீஸ் வந்தால் ஓடினார்கள். மணி எட்டா ஒன்பதா, திங்களா செவ்வாயா என்று தெரியாமல் நாள் போயிற்று.

இன்னொரு சாரார், இந்தக் காலத்தைக் கொண்டு முன்னேற வேண்டும் என்றார்கள். புதிய மொழி படி, உடற்பயிற்சி செய், ஏதாவது ஒரு தொழில் கற்றுக்கொள், வெளியே வரும்போது வேறு மனிதனாக வா என்று ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினார்கள். கற்பது நல்லது. உடலைப் பேணுவதும் நல்லது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த இரண்டு சாராரும் ஒரு விஷயத்தில் ஒன்றாகவே எண்ணினார்கள். இந்தக் காலம் என்னுடையது, இதை நான் வீணாக்கலாம், அல்லது நானே இதில் ஆதாயம் பார்க்கலாம் என்பதே இருவருடைய எண்ணமும். அந்தக் காலத்தில் பக்கத்தில் இருப்பவருக்குப் பங்கு உண்டா என்று இருவருமே கேட்கவில்லை. அய்யாவின் வழியைப் பின்பற்றுகிறவர் முதலில் அதைக் கேட்க வேண்டும்.

அய்யா ஓரிடத்தில் இருந்த காலங்கள்

ஓரிடத்தில் அடங்கி இருப்பது அன்புக்கொடி மக்களுக்குப் புதிய செய்தியாகாது. அய்யாவின் வாழ்விலேயே அது மூன்று விதமாக நடந்திருக்கிறது.

முதலாவது, தவம். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-இல் திருச்செந்தூர்க் கடலில் இருந்து வெளிப்பட்ட அய்யா சாமிதோப்புக்கு வந்து ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டு சமமான தரையில். கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த பீடத்தில். குழிக்குள் இருக்கும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தாமே அதை ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, சிறை. திருவிதாங்கூர் மன்னரின் ஆணையால் அய்யாவைப் பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். நூறு நாட்களுக்கு மேல் அங்கே இருந்தார். இது அவர் கேட்டு வாங்கியது இல்லை. பிறர் போட்ட பூட்டு. ஒரு சாதிக்காரரோடு மட்டும் இருப்பேன் என்று ஒப்புக்கொண்டால் விடுதலை என்றபோது அய்யா அதற்கு இசையவில்லை என்பதை அன்பர்கள் அறிவர். எல்லாருக்கும் பொதுவாக வந்தவர், வெளியே போகவேண்டும் என்பதற்காகச் சிலருக்கு மட்டும் உரியவராக மாறச் சம்மதிக்கவில்லை.

மூன்றாவது, துவையல் தவசு. இதில் அய்யா தம் மக்களை இருத்தினார். ஏறக்குறைய 700 குடும்பத்தார் தங்கள் வீடு வாசலை விட்டு வாகைப்பதிக் கடற்கரைக்கு வந்தார்கள். ஆணும் பெண்ணுமாகக் கடலில் குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கி உண்டார்கள். அந்தக் காலத்தில் தலைப்பாகை கட்ட உரிமை இல்லாத, பெண்கள் தோளை மறைக்க உரிமை இல்லாத, பொது வழியில் நடக்க உரிமை இல்லாத மக்கள் அவர்கள்.

குழி, சிறை, கடற்கரை ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. ஒருவர் தாமே இருந்தாரா, பிறர் அடைத்து இருந்தாரா என்பதை வைத்து அந்தக் காலத்தின் மதிப்பு அமைவதில்லை. குழிக்குள் இருந்தவரும் சிறைக்குள் இருந்தவரும் ஒருவரே. இரண்டு இடத்திலும் அவர் யாருக்காக இருந்தார் என்பதுதான் அந்த இருப்பைத் தவம் ஆக்கிற்று.

அய்யாவின் தவத்தின் மூன்று கட்டங்களுக்கும் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. முதல் தவம் யுகத்துக்காக. இரண்டாம் தவம் சான்றோர் மக்களுக்காக. மூன்றாம் தவம் பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும். அய்யா தமக்கென்று ஒரு கட்டத்தைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே வீட்டில் அடைபட்ட ஒருவர், இன்று என்ன செய்தோம் என்று கணக்குப் பார்ப்பதற்கு முன், இன்றைய பொழுது யாருக்காகப் போயிற்று என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

அரிசி இல்லாத வீட்டில் காலத்தைப் பற்றிப் பேசலாமா?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். காலத்தை நல்லபடி செலவழிக்க வேண்டும் என்று பேசுகிறவர் வீட்டில் அரிசி இருக்கிறது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கிறவருக்கு ஊரடங்கு ஒரு ஓய்வு இல்லை. அது பட்டினி. கொத்தனாருக்கும் கையாளுக்கும் கட்டட வேலை நின்றது. பிச்சிப்பூ கட்டுகிற பெண்ணுக்குப் பூ இல்லை. ஆட்டோ வாசலில் நின்றது, மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை. முந்திரி ஆலைக்குப் போகிற பெண்களுக்கு வேலை இல்லை. வடநாட்டில் இருந்து வேலைக்கு வந்தவர்கள் சொந்த ஊருக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் தவித்தார்கள். நெடுஞ்சாலைகளில் பிள்ளையைத் தோளில் வைத்து நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர்களை நாடே பார்த்தது. ரேஷன் அட்டைக்கு அரசு 1000 ரூபாய் கொடுத்தது. அது எத்தனை நாளைக்கு வரும் என்பது குடும்பம் நடத்துகிறவருக்குத் தெரியும்.

அந்த மனிதரிடம் போய், உன் நேரத்தைப் பயனுள்ளதாக்கு என்று சொல்வது கொடுமை. மறுப்பு சரியானதே. ஆனால் அந்த மறுப்பு கேள்வியை ஒழித்துவிடுவதில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மாதச் சம்பளம் நிற்காமல் வந்தவர், பத்தாயத்தில் நெல் இருந்தவர், வெளிநாட்டில் இருந்து பிள்ளை பணம் அனுப்பியவர் ஆகியோருக்குத்தான் அந்த நாட்களில் காலம் என்ற ஒன்று கையில் இருந்தது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்பது அய்யாவின் போதனை. கையில் காலமும் வீட்டில் அரிசியும் உள்ளவர், இரண்டும் இல்லாதவருக்குக் கடன்பட்டிருக்கிறார்.

பல ஊர்களில் அன்பர்கள் இதை உணர்ந்தே நடந்தார்கள். தாங்கலில் கூட்டமாக அன்னதர்மம் நடத்த வழி இல்லாதபோது அரிசியையும் காய்கறியையும் பொட்டலமாகக் கட்டி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். வாங்குகிறவர் கூசாதபடி கதவைத் தட்டிவிட்டு நகர்ந்தவர்களும் உண்டு. தாங்கல் என்ற சொல்லிலேயே தாங்குதல் இருக்கிறது. பூட்டிய தாங்கலின் வேலையை அந்த நாட்களில் அவர்களுடைய சைக்கிளும் பைக்கும் செய்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு பனையேறிய உடம்பு, முப்பது ஆண்டு சாந்துச் சட்டி தூக்கிய உடம்பு, சாப்பாட்டுக்கு வழி இருந்து பத்து நாள் நன்றாகத் தூங்கியது என்றால் அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக்கூடாது. களைத்த உடம்புக்கு ஓய்வு கொடுப்பது அந்த உடம்புக்குச் செய்கிற தர்மம். எந்நேரமும் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று அய்யா எங்கும் கேட்கவில்லை.

அந்தக் காலம் யாரிடம் இருந்து வந்தது?

இனி ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். குமரியிலோ நெல்லையிலோ எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடுதான். கணவன், மனைவி, கணவனின் தாயார், பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள். சாதாரண நாளில் கணவன் எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பள்ளியில் மத்தியானச் சாப்பாடு உண்டு. மனைவிக்குப் பதினொரு மணியில் இருந்து மூன்று மணி வரை சற்று மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

ஊரடங்கில் எல்லாரும் வீட்டில். மூன்று வேளையும் ஐந்து பேருக்குச் சமையல். நடுவில் நாலு தடவை சாயா. எடுக்க எடுக்கப் பாத்திரம். ஒரே கைபேசியில் இரண்டு பிள்ளைகளுக்கும் பாடம், அதற்காகச் சண்டை. கிழவிக்கு இருமல் வந்தால் எல்லாருக்கும் பயம். கணவன் திண்ணையில் உட்கார்ந்து, பொழுதே போகவில்லை என்கிறார். அதே கூரையின் கீழ் அவருடைய மனைவிக்கு உட்காரவே பொழுது இல்லை.

அப்படியானால் அந்தக் கணவனுக்குக் கிடைத்த காலம் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு, வேலை நின்றதால் வந்தது. இன்னொரு பங்கு, மனைவியின் உடம்பில் இருந்து வந்தது. அவர் அகிலத்திரட்டைத் திறந்து உரக்க வாசித்தாலும் சரி, புதிதாக ஒன்று கற்றுக்கொண்டாலும் சரி, அடுக்களையில் ஒருத்தி ஓய்வில்லாமல் நிற்பதன் மேல் உட்கார்ந்துதான் அதைச் செய்கிறார். இது கடுமையான சொல்லாகத் தோன்றலாம். ஆனால் பெண்களுக்காகவும் ஒரு தவம் இருந்தவருடைய பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

துவையல் தவசு என்ற பெயரை அன்பர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ தவங்களுக்கு எத்தனையோ பெரிய பெயர்கள் உண்டு. அய்யா தம் மக்களுக்குத் தந்த தவத்தின் பெயரிலேயே துணி துவைக்கும் வேலை இருக்கிறது. குளிப்பதும் துவைப்பதும் பொங்குவதும் அங்கே தவத்தின் அங்கமாக இருந்தன. அப்படிப்பட்ட தவத்தைப் போற்றுகிற ஒரு ஆண், தன் வேட்டியைத் தான் ஒரு நாளும் துவைத்ததில்லை என்றால் அந்தப் போற்றுதலுக்குப் பொருள் குறைவு. பாத்திரம் கழுவுவதும் முற்றம் பெருக்குவதும் தாயாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் சிறிய வேலைகள் என்று எண்ணி விடுபட்டவை. பதியில் இதே வேலைகளைச் செய்தால் பணிவிடை என்கிறார்கள். முற்றம் பெருக்கவும் விளக்குத் துலக்கவும் போட்டி போட்டு வருகிறார்கள். வீட்டில் அதே துடைப்பம் பெண்ணின் கைக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது.

ஊரடங்கில் சில வீடுகளில் இது மாறியது. ஆண்கள் காய் நறுக்கினார்கள். தேங்காய் துருவினார்கள். குடிதண்ணீர் எடுத்து வந்தார்கள். ஒரு நாள் முழுக்க அடுக்களையில் நின்று பார்த்த பிறகுதான் அங்கே என்ன சூடு, எத்தனை குனிவு நிமிர்வு என்று தெரிந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. அடைபட்ட நாட்களில் ஒரு ஆண் கற்கக்கூடிய பாடங்களில் இதைவிடப் பெரியது அதிகம் இருக்க முடியாது.

கட்டாயத்தால் வந்த நன்மை

மார்ச் கடைசியில் மதுக்கடைகளையும் மூடினார்கள். குடியினால் சீரழிந்த பல வீடுகளில் அந்த நாற்பது நாளும் அமைதி இருந்தது. காசு இல்லை, ஆனால் அடி இல்லை. பிள்ளைகள் மாலையில் தகப்பனைக் கண்டு பயப்படாமல் இருந்தார்கள். குடியை ஒரேயடியாக நிறுத்தியதால் உடல் நடுக்கம் கண்டு மருத்துவரிடம் போக வேண்டியவர்களும் இருந்தார்கள், அதையும் மறுக்க முடியாது. மே 7 அன்று சென்னையைத் தவிர மற்ற இடங்களில் கடைகளைத் திறந்தபோது வெயிலில் குடை பிடித்து நீண்ட வரிசை நின்றது. நாற்பது நாள் அமைதி பலருக்கு ஒரே நாளில் முடிந்தது.

அந்த வரிசையில் நின்றவர்களை ஏசுவதால் பயன் இல்லை. அதில் உள்ள பாடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கடை மூடியதால் நின்ற குடி, கடை திறந்ததும் வந்துவிட்டது. பூட்டு செய்த வேலை பூட்டு போனதும் போயிற்று. ஆனால் சிலர் மட்டும் அந்த வரிசைக்குப் போகவில்லை. நாற்பது நாள் குடிக்காமல் இருக்க முடிந்தது என்றால் நாற்பத்தோராம் நாளும் முடியும் என்று அவர்கள் தமக்குள்ளே தீர்மானித்துக்கொண்டார்கள். இருவருக்கும் பூட்டு ஒன்றுதான். ஒருவர் பூட்டைச் சகித்துக்கொண்டார். மற்றவர், பிறர் போட்ட கட்டுப்பாட்டைத் தம்முடைய கட்டுப்பாடாக ஏற்றுக்கொண்டார்.

துவையல் தவசையும் இப்படியே பார்க்க வேண்டும். அந்த 700 குடும்பத்தாரும் கடற்கரையிலேயே தங்கிவிடவில்லை. காலம் முடிந்ததும் தத்தம் ஊருக்குத் திரும்பினார்கள். அங்கே பழகிய குளியலையும் தூய்மையையும் ஒன்றாக இருந்து உண்ணும் வழக்கத்தையும் தங்களோடு கொண்டுபோனார்கள். கடற்கரை இருப்பின் பயன் கடற்கரையை விட்டுப் போன பிறகுதான் தெரிந்தது. ஊரடங்குக்கும் அதே அளவுகோல்தான். கதவு திறந்த பிறகு எது மிஞ்சியதோ அதுவே அந்த நாட்களின் பயன். ஊரடங்கு முடிந்து எல்லாரும் வேலைக்குப் போன பிறகும் மாலையில் பாத்திரம் கழுவுகிற ஆண், அதன் பிறகும் வாரம் ஒருமுறை பக்கத்து வீட்டுக் கிழவியைப் போய்ப் பார்க்கிற இளைஞன் ஆகியோர் அந்த நாட்களை நன்றாகச் செலவழித்தவர்கள்.

பதிக்குப் போக முடியாத பணிவிடை

பதிக்கும் தாங்கலுக்கும் போக முடியாதது பலருக்குப் பெரிய துயரம். ஞாயிறு தோறும் தவறாமல் போனவர்கள், உகப்படிப்பின் ஒலியைக் கேட்காமல் பொழுது விடியாதவர்கள், தாங்கள் ஏதோ தவறு செய்வதாகவே எண்ணிக் கலங்கினார்கள்.

அவர்கள் பள்ளியறையை மனத்தில் நினைத்தால் போதும். அங்கே சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது. கண்ணாடியின் முன் விளக்கு இருக்கிறது. வணங்க வருகிறவர் தம் முகத்தையே அங்கே காண்கிறார். இறைவன் வந்து நிற்கிறவருக்குள்ளேயும் இருக்கிறான் என்று அய்யா காட்டிய வழி அது. அந்த மனிதர் பதிக்கு வர முடியாத நாளில் இறைவன் பதியிலேயே நின்றுவிடுவதில்லை. வீட்டில் விளக்கேற்றி, நாமம் இட்டு, குடும்பமாக நின்று உகப்படிப்பு படித்தவர்கள் குறைவான பணிவிடை ஒன்றும் செய்துவிடவில்லை.

திருஏடு வாசிப்பு 17 நாள் நடக்கும் திருவிழா. முதல் ஊரடங்கோ 21 நாள். ஒரு வீட்டில் நாளுக்கு ஒரு பகுதியாக அகிலத்திரட்டை வாசித்திருந்தால் முதல் ஊரடங்கிலேயே முழு ஏடும் முடிந்து நாலு நாள் மிஞ்சியிருக்கும். பாட்டி வாசிக்க, பேத்தி பொருள் கேட்க, புரியாத சொல்லைத் தாத்தா விளக்க என்று நடந்த வீடுகள் உண்டு. ஏட்டின் ராகம் தெரிந்த முதியவர்கள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார இளையவர்களுக்கு நேரம் கிடைத்த நாட்கள் அவை. கற்றுக்கொண்டவர்கள் பாக்கியவான்கள்.

ஆனால் இங்கேயும் அதே கேள்வி கூடவே வரும். ஏடு முழுவதையும் வாசித்து முடித்த வீட்டுக்கு அடுத்த வீட்டில், பிள்ளைகள் எல்லாம் வளைகுடா நாட்டில் சிக்கிக்கொள்ள, ஒரு வயதான தம்பதி தனியே இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை தீர்ந்ததா, சிலிண்டர் இருக்கிறதா என்று அந்த வாசலில் நின்று யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? நோய்க்குப் பயந்து உள்ளே போகாமல் இருந்தது சரி. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுக்க எந்த அரசாங்கமும் தடை போடவில்லை. தர்மத்தைப் பற்றி ஏட்டில் வாசித்த நாக்கு அந்தச் சுவர் ஓரத்தில் பேசாமல் இருந்திருந்தால் வாசிப்பு பாதியில் நின்றதாகவே கொள்ள வேண்டும்.

அடுத்த முறை கதவு அடைபடும் முன்

இவற்றை எல்லாம் போனதைப் பற்றிய பேச்சாக விட்டுவிடாமல் ஒவ்வொரு தாங்கலும் ஒரு காரியத்தை இப்போதே செய்து வைக்கலாம். புயல் வந்த பிறகும் நோய் வந்த பிறகும் தேடினால் தாமதமாகிவிடும்.

தாங்கலைச் சுற்றி உள்ள தெருக்களில் தனியே இருக்கும் முதியவர் யார் யார், அன்றாடக் கூலியை மட்டும் நம்பி இருக்கும் வீடுகள் எவை, நாள்தோறும் மருந்து வேண்டியவர் எத்தனை பேர், கைக்குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீடுகள் எவை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சாதி, மதம் பார்க்காமல் எழுத வேண்டும். சிறையில் அய்யா எதற்கு இசையவில்லை என்பது நினைவில் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எந்த இளைஞருக்கு என்று பெயர் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, மாசி 20-க்கு முன், அந்த நோட்டைத் திறந்து பார்த்துத் திருத்த வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நாலு மாலைப் பொழுது போதும்.

வீட்டு அளவிலும் ஒன்று செய்யலாம். வாரத்தில் ஒரு நாள், உகப்படிப்பு முடிந்ததும், அந்த வீட்டில் அதிகமாக உழைக்கிறவர் யார் என்று பார்த்து அவருடைய வேலையில் ஒன்றை மற்றவர் எடுத்துச் செய்ய வேண்டும். பெரும்பாலும் அந்த வேலை துவைக்கும் கல்லிலோ அடுக்களையிலோதான் இருக்கும். அதைச் செய்யும்போது பணிவிடை செய்கிற அதே மனத்தோடு செய்ய வேண்டும்.

அப்படிப் பழகிய வீடும் தாங்கலும் இருந்தால், மறுபடியும் ஒரு நாள் கதவு அடைபடும்போது பொழுது எப்படிப் போகும் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நோட்டில் முதல் பெயருக்கு உரிய வீட்டுக்கு யாராவது ஒருவர் கிளம்பிப் போயிருப்பார்.

அய்யா உண்டு